மனவி செப்புக்கோ

போன மாதம் பென்ஷன் விஷயமாகத் திருத்தணி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. புதுக் கட்டடத்தில் மின்விசிறி சுற்றுகிறது, குமாஸ்தாக்களுக்கு நாற்காலியில் மெத்தை இருக்கிறது. அங்கிருந்த ஒரு பெஞ்ச் கிளார்க், பழைய ஆள் என்று மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "உங்க காலத்துல தடை உத்தரவை எதிர்த்து மனு வந்தா இன்னா செய்வீங்க அய்யா?" என்று கேட்டார்.

"ஆளைக் கூப்பிட்டு என்ன சொல்றான்னு கேப்போம்" என்றேன்.

"எல்லாரையுமா?"

அவர் ஆச்சரியப்பட்டதில் தப்பில்லை. அவர் மேஜை மேல் கட்டுகள் மலையாகக் கிடந்தன. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. எல்லாரையும்தான். ஒருத்தனை வாய் திறக்கவிடாமல் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்த்துவிடு என்று அவன் கேட்கும்போதும் வாய் திறக்கக்கூடாது என்றால் அதற்குக் கோர்ட்டு எதற்கு? இதை அவரிடம் சொல்லியிருந்தால் கிழவன் பிரசங்கம் பண்ணுகிறான் என்று இருந்திருப்பார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு எங்கள் பழைய மாஜிஸ்திரேட் ராவ் ஞாபகம் விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். அப்பா புண்ணியத்தில் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் கையெழுத்து சுத்தமாக எழுத வந்தது. அந்தக் கையெழுத்துதான் எனக்குச் சோறு போட்டது. முதலில் நகல் எழுதுகிற வேலை. அப்புறம் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். படிப்பு, பழக்கம், திட்டு வாங்கியது எல்லாவற்றையும் இந்த மூன்று வரியோடு விட்டுவிடுகிறேன். யாருடைய கதையிலும் அந்தப் பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் கோர்ட்டில் கட்சிக்காரன் தமிழில் அழுவான், போலீஸ் ரிப்போர்ட் தெலுங்கில் வரும், தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கும். மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது என் வேலை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. காகிதத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். பழைய சம்மன் பாரங்களின் முதுகில்தான் உத்தரவுகளை எழுதுவோம். பஸ் கரியில் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ராவ் எங்களுக்கு மாஜிஸ்திரேட்டாக வந்தார். கோதாவரிப் பக்கத்துக்காரர். ஒல்லி, உயரம், வெற்றிலை கிடையாது, கோபம் கிடையாது. வந்த முதல் நாளே, "நாக்கு அரவம் ராது" என்றார். எனக்குத் தமிழ் வராது என்று அர்த்தம். 'நாகு' என்றால் தெலுங்கில் 'எனக்கு'. அது எங்கள் காதில் நாக்கு என்றுதான் விழுந்தது. ஐயா நாக்குக்குத் தமிழ் வராது என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். போகப்போக ஓரளவு பேசினார். காய்கறிக்காரியிடம் கற்றுக்கொண்ட தமிழ். அதனால் சாட்சிகளிடம்கூட விலை கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரன் பேச ஆரம்பித்தால் மைக்கூட்டை மூடிவிடுவார். பேனாவைத் தொடமாட்டார், கட்டைப் புரட்டமாட்டார், அவன் முகத்தையே பார்ப்பார். அவன் முடித்ததும் "அந்தேனா?" என்று கேட்பார். அவ்வளவுதானா என்று அர்த்தம். அவன் மேலும் ஏதாவது சொல்லுவான். திரும்பவும் "அந்தேனா?" என்பார். இனி சொல்ல ஒன்றுமில்லை என்று அவனே சொல்லுகிற வரைக்கும் கேட்பார். அதற்குப் பிறகுதான் மைக்கூடு திறக்கும். எங்கள் ஹெட் கிளார்க் இதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டிய மனிதர் அவர். எனக்கோ அந்த "அந்தேனா?" பிடித்துப்போயிற்று. வீட்டில் என் மனைவி ஏதாவது சொல்லி முடித்தால்கூட என் வாயில் அதுதான் வரும். அவளும் நிஜமாகவே ஏதாவது மிச்சம் வைத்திருப்பாள்.

நூற்றிநாற்பத்துநாலு என்றால் இன்றைக்கு எல்லாரும் கூட்டம் கூடாதே என்கிற உத்தரவு என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் காலத்தில் அது கிணற்றுச் சண்டைக்கும் வரும், வழித் தகராறுக்கும் வரும், குடும்பச் சண்டைக்கும் வரும். இன்ன ஆள் இன்ன இடத்துக்குப் போகக்கூடாது என்று மாஜிஸ்திரேட் எழுதினால் முடிந்தது. அவசரம் என்று தோன்றினால் அந்த ஆளைக் கேட்காமலே எழுதலாம். கோர்ட்டுச் சேவகர் அதை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உரக்கப் படித்து, ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, இன்னொன்றில் கைநாட்டு வாங்கி வருவார். ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டுவார். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவன் கட்டுப்பட்டவன். சட்டம் அதோடு நிற்கவில்லை. இது எனக்கு அநியாயம் என்று அவன் மனு போட்டால், அவனைச் சீக்கிரமே நேரில் வரவழைத்துக் கேட்கவேண்டும். கேட்டபின் தள்ளினால், ஏன் தள்ளினேன் என்று எழுதவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பல பேர் படிப்பதே இல்லை.

முனிரத்தினத்தின் மனு வந்தது இந்த இரண்டாவது பாதிக்காகத்தான்.

முனிரத்தினம் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவன். சாமி கும்பிட வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுவான். அவன் பெண்சாதி செங்கம்மா, அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு நெசவுத் தெருவில் பிறந்தவள். ஊர்ப் பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தாயில்லை, தகப்பனும் இல்லை. மூத்த அண்ணன் ஏகாம்பரம்தான் வீட்டுக்குப் பெரியவர்.

பெண்சாதியைப் பார்க்காமல் இவனால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனவன், ஊர் எல்லையில் நிறுத்தாமல் தெருவுக்குள்ளேயே ஓட்டிவிட்டான். நெசவுத் தெருவில் காலை நேரம் என்றால் தெரு நீளத்துக்குத் தறி நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்திருப்பார்கள். ஈரநூல் மூஞ்சியில் பட்டதும் குதிரை மிரண்டது. மிரண்ட குதிரை நடந்து போகுமா? பாவு மொத்தமும் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நூல் கண்ட்ரோலில் இருந்த காலம். கார்டுக்குக் கொடுக்கிற நூலை வாங்க நெசவாளர் சங்கத்து வாசலில் காத்துக் கிடக்கவேண்டும். தெருக்காரர்கள் அவனை வண்டியிலிருந்து இழுத்து அடித்தார்கள். அவன் அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ரயிலடிச் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கத்தினான். இரண்டு பக்கமும் கல் பறந்தது. போலீஸ் ரிப்போர்ட் வந்தது. ராவ் படித்தார், அன்றைக்கே தடை போட்டார். முனிரத்தினம் இரண்டு மாதம் அந்த ஊர் எல்லைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது.

அந்த உத்தரவை எழுதியது என் கைதான். அன்று அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அது தேவைதான்.

ஒரு மாதம் போல ஆனதும் மனு வந்தது. கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் வழக்கமான பாட்டைப் பாடியிருந்தார். மனுதாரர் சாதுவானவர், உத்தரவு அவர் ஜீவனத்தைப் பாதிக்கிறது, கனம் கோர்ட்டார் தயவு செய்யவேண்டும். பெண்சாதியைப் பற்றி, "மேற்படியாரின் மனைவி மேற்படி கிராமத்தில் இருக்கிறார்" என்று ஒரே ஒரு வரி.

ஹெட் கிளார்க் மனுவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் ஒரு மாசத்துல தானாச் சாகப்போற உத்தரவுங்க. அதுக்கு எதுக்கு வைத்தியம்? கெடப்புல போட்டா தன்னால முடிஞ்சிடும்."

ராவ் சொன்னார்: "உத்தரவு செத்துப்போகும். அவன் பேசற நாளும் அதோட செத்துப்போகுமே, அய்யா."

"நாமே போட்ட உத்தரவை நாமே மாத்தினா கோர்ட்டுக்கு மரியாதை இருக்குங்களா? போலீஸ் ரிப்போர்ட்டு தெளிவா இருக்கு."

"ரிப்போர்ட்டு பேசியாச்சு. அவன் பேசலை." சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "கேக்கலாம்னு இங்க இல்லை. கேக்கணும்னு இருக்கு. ஏகாம்பரத்துக்கும் சொல்லி அனுப்புங்க. ரெண்டு பேரும் வரட்டும்."

விசாரணை அன்று முனிரத்தினம் சலவை வேட்டியில் வந்திருந்தான். தலையில் எண்ணெய் வழிந்தது. சேவகர் பழக்க தோஷத்தில் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ராவ் கையசைத்து இறங்கச் சொன்னார். "இவன் மேல கேஸ் இல்லை. இவன்தான் நம்மைக் கேக்க வந்திருக்கான்" என்று மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். ஏகாம்பரம் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றார். மெலிந்த மனிதர், விரல் நுனியெல்லாம் சாயம். மைத்துனர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் மனுவைப் படித்தேன். ராவ் மைக்கூட்டை மூடினார். முனிரத்தினம் பக்கம் திரும்பி, தெலுங்கில் எப்போதும் கேட்கிறபடியே கேட்டார்:

"நீ மனவி செப்புக்கோ."

மனவி என்றால் தெலுங்கில் விண்ணப்பம், வேண்டுகோள். உன் வேண்டுகோளைச் சொல்லிக்கொள் என்றார். கோதாவரிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் தெலுங்கு தெரிந்தவர்களே ஆனாலும், மனுவுக்கு அவர்களுக்குத் தெரிந்த வார்த்தை அர்ஜி. மனவியை யார் கண்டார்கள்? முனிரத்தினத்துக்கு ரயிலடித் தெலுங்கு நன்றாக வரும். செப்பு என்றால் சொல் என்று தெரியும். இன்னொரு வார்த்தையை இப்போதுதான் நான் படித்துக் கேட்டிருந்தான். வீட்டில் பெண்சாதி என்பதைக் கோர்ட்டுப் பாஷையில் மனைவி என்பார்கள். ஆக, மனவி அவன் காதில் மனைவி என்று விழுந்தது: துரை உன் மனைவியைப் பற்றிச் சொல் என்கிறார்.

அவன் முகம் மாறிப்போயிற்று. மனு எழுதுகிறவர் சொல்லிக்கொடுத்து உருப்போட்டு வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

"செங்கம்மாவைப் பத்தி இன்னா சாமி சொல்றது?" என்றான். "சின்னதா இருப்பா. சிரிச்சா வூடே சிரிக்கும். ரயிலு சத்தம் கேட்டாதான் அவளுக்குத் தூக்கமே வரும். இப்ப அங்க எப்டித் தூங்கறாளோ, தெரியலை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் குறுக்கிட்டு, கேள்வி அதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதானே என் வேலை. ராவ் என்னைப் பார்க்காமலே மேஜை மேல் கையைத் தாழ்த்திக் காட்டினார். சும்மா இரு என்று அர்த்தம்.

"அவ பொறந்தப்பவே அவங்க ஆத்தா பூட்டாங்க சாமி. அதே வூட்டுல, அதே ரூமுல. அவளை இஸ்துகினு போய் அங்கதான் வெச்சிருக்காங்க. போறப்ப அழுதுகினே போனா. 'நான் கத்தினா உனக்குக் கேக்கணும்யா, கேக்கற தூரத்துல இரு'ன்னா. ஆங், இருக்கறேன்னு சொன்னேன். சொல்லிட்டு இப்போ ரயிலடியில குந்திகினு இருக்கேன். குதிரைக்குப் புல்லு போடறப்ப அதுகிட்டயே பேசிகினு இருக்கேன் சாமி. செங்கம்மா, இன்னிக்கு இன்னா சாப்ட்டேன்னு குதிரையக் கேக்கறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அந்தேனா?" என்றார் ராவ்.

"பாவு அறுந்தது என் தப்புதான். இதோ நிக்கற பாவா அடிச்சாரு. அடிக்கட்டும், பெரியவரு. நான் ஆளைக் கூட்டிகினு போனது அத்தைவிடப் பெரிய தப்பு. அதுக்கு இன்னா வேணா செய்யுங்க."

"அந்தேனா?"

அவன் மேஜைக்கு இன்னும் கிட்டே வந்தான். "நாள் நெருங்கிட்டுச்சி சாமி. அவ கத்தறப்ப நான் அங்க இல்லன்னா, அவங்க ஆத்தா மாதிரியே பூடுவோம்னு நெனச்சிக்குவா. அந்த நெனப்பே அவளைக் கொன்னுடும். அவ்ளோதான்."

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

ராவ் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பி, "மீரு செப்பண்டி" என்றார். நீங்கள் சொல்லுங்கள். முனிரத்தினத்துக்கு 'நீ', இவருக்கு 'நீங்கள்'. வயதில் பெரியவர், அதனால்.

"நான் கெட்டவன் இல்லீங்க" என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம். "ஒரு பாவு போனா அந்தத் தெருவுல எத்தினி வூட்டு ஒலை கொதிக்காதுன்னு மாப்ளைக்குத் தெரியாது. அத்தையும் தாங்கிகினோம். மறுநாள் கூட்டம் சேத்துகினு வந்தாரே, கல்லு விழுந்தது எங்க வூட்டு ஓட்டு மேல. கீழ தங்கச்சி படுத்துகினு இருக்கா. இன்னொரு வாட்டி வந்தா எங்க பசங்க சும்மா இருக்க மாட்டானுங்க. ரத்தம் கொட்டும். நெறமாசக்காரி காதுல அது விழக்கூடாதுன்னுதான் போலீசுக்குப் போனேன். வேற இன்னாங்க?"

"அந்தேனா?"

"அவ்ளோதாங்க."

ராவ் யோசித்தார். பிறகு, கத்தரிக்காய் விலை கேட்கிற தமிழில் ஏகாம்பரத்தைக் கேட்டார்: "உங்க வீட்டுல கத்தினா எதுவரைக்கும் கேக்கும்?"

ஏகாம்பரம் திகைத்தார். "தெருமுனையில ஒரு புங்க மரம் இருக்குங்க. ராவுல அங்கவரிக்கும் கேக்கும்."

"பகல்ல?"

"பகல்ல கேக்காதுங்க. தறி ஓடிகினு இருக்குமே. தெரு பூரா தறிதான். பக்கத்துல நின்னு பேசினாலே கேக்காது." பேசிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். முதல்முறையாக மைத்துனன் முகத்தைப் பார்த்தார். "எங்க ஆத்தா கத்தினது, வெளிய வெளையாடிகினு இருந்த எனக்கே கேக்கலீங்க. தறிச் சத்தம்."

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

யாரும் ஏகாம்பரத்தை ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "அவளுக்கு வலி எடுத்தா தறியை நிறுத்திடறேங்க. எங்க வூட்டுது மட்டும் இல்ல. தெரு பூராவும். நான் சொன்னா கேப்பாங்க. மாப்ள மரத்தாண்ட நிக்கட்டும்."

ராவ் மைக்கூட்டைத் திறந்தார். தடை ரத்தாகவில்லை, மாறியது. முனிரத்தினம் ஊருக்குள் வரலாம். வண்டி கூடாது, கூட்டாளி கூடாது, நடந்து தனியாக வரவேண்டும். புங்க மரத்தைத் தாண்டி நெசவுத் தெருவுக்குள் போகக்கூடாது. பிரசவ வேளையில் தறிகளை நிறுத்தி வைப்பதாக எதிர்க்கட்சிக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தக் கடைசி வரியை ராவ் சொல்லச் சொல்ல, ஹெட் கிளார்க் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றிநாற்பத்துநாலில் தறியை நிறுத்துகிற உத்தரவை அவர் பிறந்தது முதல் கண்டதில்லை. நானும் கண்டதில்லை, அதற்கப்புறமும் காணவில்லை. ஒரு பழைய சம்மன் பாரத்தின் முதுகில் அதை எழுதி, தமிழில் படித்துக்காட்டினேன். இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். ஒரே மைப்பெட்டியில் இரண்டு கட்டைவிரலும் மோதிக்கொண்டன.

எல்லாரும் போனபிறகு உள்ளறையில் ராவிடம் மனவிக்கும் மனைவிக்கும் நடந்த குழப்பத்தை எடுத்துச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் நீர் வருகிறவரைக்கும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நான் அர்ஜின்னு கேட்டிருந்தா அவன் அந்தக் காகிதத்தை ஒப்பிச்சிருப்பான் இல்லை?" என்றார். அதற்கப்புறம், எனக்குக் கேட்கவேண்டும் என்று இல்லாமல், "தப்பாக் கேட்டதே நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்தது. யுத்த காலத்து மாற்றல், இன்று சொல்லி நாளைக்குப் போகவேண்டும். ரயிலடிக்கு நாங்கள் நாலைந்து பேர் போனோம். அவர் ஏறிய வண்டி ரேணிகுண்டாப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ மாஜிஸ்திரேட்டுகளிடம் அதற்குப் பிறகு வேலை பார்த்தேன். கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், நல்லவர்களும் இருந்தார்கள். ஒருத்தராவது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்க்கமாட்டாரா என்று ஒவ்வொரு புது முகம் வரும்போதும் ஏங்குவேன். வந்தவர்கள் எல்லாரும் வேகமாக எழுதினார்கள். அந்த மனிதரை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. என்னோடு மூன்று பாஷையும் பேசிச் சிரித்த பெரிய அதிகாரி அவர் ஒருத்தர்தான் என்பதற்காக மட்டும் நான் ஏங்கவில்லை. அவரிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் என்னிடம் தங்கிப்போய்விட்டது. அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரம், கோர்ட்டில் நான் மட்டும் இருந்தேன். தோளில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தாழ்வாரத்தில் தயங்கி நின்றாள். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம். மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறாள். தெருவில் ஜட்கா நின்றது. முனிரத்தினம் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"தொரை இல்லீங்களா?" என்றாள்.

"மாத்திப் போயிட்டாரும்மா."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"என்கிட்ட சொல்லேன்" என்று பெஞ்சைக் காட்டினேன். உட்காரவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

"எனக்கு வலி எடுத்ததும் அண்ணன் தெருவுல எறங்கி ஓடினாரு. ஒவ்வொரு தறியா நின்னுகினே வந்துச்சி. பொறந்ததுலேந்து அந்தத் தெரு அப்டி இருந்து நான் பாத்ததே இல்ல சாமி. காக்கா கத்தறதுகூட கேட்டுச்சி. நான் கத்தினேன். மரத்தாண்டேந்து 'இருக்கேன்டி'ன்னு கொரலு வந்துச்சி. ஒவ்வொரு வாட்டியும் வந்துச்சி. ஒரு தபா ரொம்பத் தொண்டை கட்டிப்போயி வந்துச்சி. எனக்குச் சிரிப்பு வந்துட்டுச்சி, அந்த வலியிலயும். புள்ள பொறந்ததும் அண்ணனே போய் அவரைக் கையப் புடிச்சி இட்டுகினு வந்தாரு. அது உத்தரவுக்குத் தப்புங்களா?"

"தப்பில்லைம்மா" என்றேன். சட்டப்படி தப்புதான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் யார் சட்டம் பார்த்தார்கள்? ராவ் இருந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்பார் என்று காலி நாற்காலியைப் பார்த்தேன். அவர் கேட்கிற கேள்வியை நான்தான் கேட்டேன்.

"அவ்வளவுதானாம்மா?"

அவள் போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அவரைக் கூப்ட்டுக் கேட்டீங்க. அண்ணனைக் கூப்ட்டுக் கேட்டீங்க. ரெண்டு பேரும் என்னைப் பத்தியேதான் பேசினாங்களாமே. என்னை ஏன் கூப்டல?"

கோர்ட்டு குமாஸ்தாவுக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "உத்தரவு அவன் மேலதாம்மா. உன் மேல தடை ஒண்ணும் கிடையாது. அதனால உன்னைக் கேக்க வேண்டியதில்லை."

"ஆங், அத்தைத்தான் சொல்றேன்" என்றாள் செங்கம்மா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரைக்கும் என்னை அறுக்கிறது. "அந்த வூட்டுல ஒரு ராவுகூட நான் பயப்படாம படுக்கல. ரயிலடி வூட்டுலயே பெத்துக்கறேன்னு நான் சொன்னது யாரு காதுலயும் ஏறல. அவரு அங்க வரத்தான் தடை. நான் இங்க வரதுக்குத் தடை இல்லியே சாமி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னிக்கே கெளம்பி அவருகிட்ட வந்திருப்பேனே."